பனித்தளத்தின் இரசிகர்களுக்கு ஊர் எது?

முன்பின் அறியாத இரு தமிழர் வெளிநாட்டு இரயில் நிலையம் ஒன்றில் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டுக்கொள்வர். முஸ்லிம்களிடையேயும் "ஊர் எது?" என்ற வினாவின் பின்னர்தான் உரையாடல் சூடுபிடிக்கும். இந்த வினா எப்போதும் அன்பின் பொருட்டே கேட்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. சோதனைச் சாவடிகளிலும் இதே வினா கேட்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், தாம் பார்த்தறியாத யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் தம் ஊராகச் சொல்லி வளர்ந்ததை நாம் அறிவோம். ஊர் என்பது ஒருவர் தற்போது வசிக்கும் இடமா, வந்த இடமா என்பதற்கு எம்மிடமே ஒற்றை விடை கிடையாது.

இதே வினாவை வேறொரு கூட்டத்தாரும் ஓயாமல் கேட்டுக்கொள்கின்றனர். 'பிகர் ஸ்கேட்டிங்' எனப்படும் பனித்தள நடனப் போட்டிகளின் இரசிகர்களே அவர்கள். உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் தத்தம் நாட்டு அணியைத் தேடிச் செல்வர். நிறத்தைப் பார்த்தே எவ்விடத்தார் என்று சொல்லிவிடலாம். பனித்தள அரங்கில் அவ்வாறு சொல்லிவிட முடியாது. ஸ்பெயின் நாட்டுக் கொடியை அசைப்பவர் ஒசாக்காவிலிருந்து வந்திருப்பார். ஜப்பானியக் கொடியைத் தோளில் போர்த்தியிருப்பவர் இத்தாலியராக இருப்பார். ஆகையால் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டேயாக வேண்டியிருக்கிறது.

நுவரெலியாவில் தை மாதத்துப் புல்நுனியில் படியும் உறைபனியைத் தவிர வேறு பனியறியாத எம்மவருக்கு இவ்விளையாட்டைச் சற்று விளக்குவது நன்று. உறைந்துபோன கால்வாய்களில் நெதர்லாந்து மக்கள் சறுக்கிச் சென்றது பழைய வழக்கம். பாதணியின் அலகினால் பனிமேல் எட்டு என்ற இலக்கம் போன்ற உருக்களைப் பிசகாமல் வரைந்து காட்டுவதே தொடக்கத்தில் போட்டியாக இருந்தது. 'பிகர்' என்ற பெயர் அதனாலேயே வந்தது. அந்தக் கட்டாய உருக்கள் 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. ஜக்சன் ஹெயின்ஸ் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இசையையும் நடனத்தையும் பனிமேல் ஏற்றினார். சொந்த நாட்டில் அவர் எதிர்பார்த்த வரவேற்புக் கிடைக்கவில்லை. வியன்னா நகரமே அவரைக் கொண்டாடியது. இவ்விளையாட்டின் வரலாற்றில் ஊர்விட்டு ஊர் சென்று பெயர்பெற்ற முதல் மனிதர் அவரே எனலாம். 1892இல் நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் நகரில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் நிறுவப்பட்டது. முதலாவது உலகப் போட்டி 1896இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நடந்தது. குளிர்கால ஒலிம்பிக் தோன்றுவதற்கு முன்னரே, 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றுவிட்டது.

செயற்கைப் பனித்தளம் ஒன்று 1876இல் இலண்டனில் திறக்கப்பட்டதிலிருந்து இவ்விளையாட்டு குளிர்நாடுகளுக்கு மாத்திரம் உரித்தானதாக இருக்கவில்லை. எனினும் வெப்ப நாடுகளை அது உண்மையாக வந்தடைய நூற்றாண்டுக்கு மேல் சென்றது. வந்ததும் விளையாட்டரங்குகள் வழியாக அல்ல, அங்காடித் தொகுதிகள் வழியாகவே. மணிலாவில் அங்காடித் தொகுதியின் பனித்தளத்தில் பயின்ற மைக்கல் கிறிஸ்டியன் மார்ட்டினஸ் 2014இல் சொச்சி ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் கொடியுடன் பங்குபற்றினார். 2018இல் மலேசியாவின் ஜூலியன் யீ பியோங்சாங் சென்றார். வெளியே வியர்வையும் உள்ளே பனியுமாக இருக்கும் ஊர்களிலிருந்தும் இன்று இரசிகர்கள் வருகின்றனர்.

அந்த இரசிகர்களின் மனதில் சில ஊர்ப் பெயர்கள் ஆழப் பதிந்திருக்கின்றன. அவற்றுள் முதலாவதாகச் சரயேவோவையே நாம் குறிப்பிடுவோம்.

1984 பெப்ரவரி 14ஆம் திகதி, பொஸ்னியத் தலைநகரின் செத்ரா அரங்கில் ஜேன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் என்ற பிரித்தானிய இணையர் ரவேலின் பொலேரோ இசைக்கு ஆடினர். ஒருவர் நொட்டிங்காம் நகரின் காப்புறுதி நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். மற்றவர் அதே நகரின் பொலிஸ்காரராக இருந்தவர். தொழிலை விட்டுப் பயில்வதற்கு அவர்களுக்குப் பண உதவி வழங்கியது நொட்டிங்காம் நகரசபை. இசை நான்கு நிமிடம் 28 செக்கன் நீண்டது; விதிப்படி அதற்கு இடமில்லை. சறுக்குப் பாதணியின் அலகு பனியைத் தொடும்போதுதான் நேரக் கணிப்புத் தொடங்கும் என்பதைக் கவனித்த அவர்கள், முதல் 18 செக்கன்களை முழந்தாளிலேயே ஆடித் தீர்த்தனர். உச்சப் புள்ளியான 6.0 அன்று பன்னிரண்டு தடவை பலகையில் தோன்றியது. நொட்டிங்காமில் இன்று பனியரங்கின் அருகில் பொலேரோ சதுக்கம் என்றே ஓரிடம் இருக்கிறது.

எட்டாண்டுகள் கழிந்தன. 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. அந்த முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது. செத்ரா அரங்கு எறிகணை வீச்சில் சிதைந்தது. அதனை அண்டிய மைதானம் மயானமாயிற்று. அரங்கின் மர இருக்கைகள் சவப்பெட்டி செய்வதற்குக் கழற்றப்பட்டன. இதனை வாசிக்கும்போது எமது வாசகர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது. பாடசாலையும் கோயிலும் பள்ளிவாசலும் எவையெவையாக மாறக்கூடும் என்பதை இந்நாட்டில் கண்ணாரக் கண்டவர் பலர்.

அதே அரங்கில் 1984இல் தங்கம் வென்ற மற்றொருவர் கிழக்கு ஜேர்மனியின் கத்தரீனா விற். பத்தாண்டுகளின் பின்னர், 1994இல் நோர்வேயின் லில்லஹாமரில் அவர் மீண்டும் ஒலிம்பிக்குக்கு வந்தார். அவர் இருமுறை தங்கம் வென்று கொடுத்த நாடு அப்போது உலகப் படத்தில் இல்லை. அவர் பயின்ற கார்ல் மார்க்ஸ் நகரின் பெயரும் கெம்னிற்ஸ் என மாறியிருந்தது. முற்றுகையில் கிடந்த சரயேவோவுக்கு அர்ப்பணித்து, போருக்கு எதிரான நன்கறியப்பட்ட பாடலொன்றின் இசைக்கு அவர் ஆடினார். கிடைத்தது ஏழாம் இடம். அந்த ஆண்டில் யார் எத்தனை தடவை சுழன்று பாய்ந்தார் என்பதை மறந்துவிட்ட இரசிகர்களும் அந்த ஏழாம் இடத்தை மறக்கவில்லை. நாடு போனவர் ஒருவர் நகரம் போய்க்கொண்டிருந்தவர்களுக்காக ஆடியது என்று அதனை நாம் விளங்கிக்கொள்கிறோம். செத்ரா 1999இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவியோடு மீளக் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. 2014 பெப்ரவரியில் டோர்வில்லும் டீனும் அங்கு திரும்பிச் சென்று, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அதே பொலேரோவை ஆடிக் காட்டினர்.

இரண்டாவது ஊர் ஜப்பானின் செண்டாய். 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கம் ஏற்பட்டபோது யுசுரு ஹன்யூ என்ற 16 வயதுச் சிறுவன் அங்குள்ள பனித்தளத்தில் பயிற்சியில் இருந்தான். சறுக்குப் பாதணியைக் கழற்றவும் நேரமின்றி வெளியே ஓடியவன், குடும்பத்தோடு சில நாட்கள் அகதிகள் தங்கும் நிலையத்தில் கழித்தான். பனித்தளம் மூடப்பட்டது. பயில இடமின்றி, ஜப்பானின் பல ஊர்களிலும் நடந்த பனிநடனக் காட்சிகளில் ஆடியே அவன் தன் பயிற்சியைத் தொடர்ந்தான்.

அந்த மார்ச் மாதத்தில் உலகப் போட்டி தோக்கியோவில் நடக்கவிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்த பல நாட்டு இரசிகர்களுக்கு, போட்டி நடக்குமா என்பதைவிட ஜப்பானிய நண்பர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வியாயிற்று. ஆழிப்பேரலை வந்த 2004 மார்கழியில் அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் கல்முனையிலும் உறவினரைத் தேடியவர்களுக்கு அந்நிலை புரியும். அப்போதுதான் ஒருவர் எந்த ஊர் என்பதை அறிந்து வைத்திருப்பதன் பொருள் விளங்கும். ஊரின் பெயர் தெரிந்தால் அதனைக் கரையோரப் பட்டியலில் தேடலாம். தெரியாவிட்டால் ஒரு முழு நாட்டுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதுதான். போட்டி மொஸ்கோவுக்கு மாற்றப்பட்டு ஏப்ரல் இறுதியில் நடந்தது. அங்கு தொடக்க விழாவே ஜப்பானுக்கான அஞ்சலியாக அமைந்தது.

ஹன்யூ 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரு தங்கம் என்பது, 1948இலும் 1952இலும் வென்ற அமெரிக்கரான டிக் பட்டனுக்குப் பின்னர் எவருக்கும் வாய்க்காதது. அவர் போட்டிகளில் ஆடிய காலத்தில், ஆடி முடிந்ததும் இரசிகர்கள் மஞ்சள் நிறக் கரடிப் பொம்மைகளை மழையாக எறிந்தனர். அவற்றைப் பொறுக்குவதற்கென்றே உள்ளூர்ச் சிறுவர் சிறுமியர் பனியில் காத்திருந்தனர். பொம்மைகள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகச் சென்றன. வெளிநாட்டு இரசிகர் ஒருவர் தாம் விரும்பிய வீரருக்கு எறிந்த பொருள், போட்டி நடந்த ஊரின் முகமறியாத பிள்ளையின் கையில் முடிந்தது. இதைவிடச் சிக்கனமான சர்வதேச உறவை நாம் கண்டதில்லை. 2018 ஏப்ரலில் செண்டாய் நகரில் நடந்த வெற்றி ஊர்வலத்தைப் பார்க்க ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். நகரின் சுரங்க இரயில் நிலையமொன்றின் முன்னே அவருக்கும், 2006இல் தங்கம் வென்ற ஷிசுகா அரகவாவுக்கும் நினைவுப் பலகைகள் நிற்கின்றன. கைக்குட்டையும் குடையுமாக வெளிநாட்டார் வந்து அவற்றின் முன்னே படமெடுத்துச் செல்கின்றனர்.

ஆனால் ஹன்யூ தங்கத்துக்குத் தயாரானது செண்டாயில் அல்ல, கனடாவின் ரொறன்ரோவில். அங்குள்ள கழகத்தின் பெயர் எமது வாசகர்களுக்குச் சிரிப்பையூட்டும்: ரொறன்ரோ கிரிக்கெட், ஸ்கேட்டிங், கேர்லிங் கழகம். கிரிக்கெட் பெயரளவில் முதலிடத்தில் இருக்க, உலகம் அதனைப் பனிக்காகவே அறியும். இருமுறை ஒலிம்பிக் வெள்ளி வென்ற பிரயன் ஓர்சர் அங்கே பயிற்றுநர். 2010இல் வன்கூவரில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் யுனா அவரிடம் பயின்றவர். ஸ்பெயினின் ஹவியர் பெர்னாண்டஸ் 2011இலும் ஹன்யூ அடுத்த ஆண்டிலும் அங்கு சென்றனர். பனித்தளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டிலிருந்து வந்த பெர்னாண்டஸ் இருமுறை உலகச் சம்பியனானார். 2018இல் ஹன்யூ தங்கமும் பெர்னாண்டஸ் வெண்கலமும் பெற்றபோது, ஒரே கழகத்தின் ஒரே பனித்தளத்தில் நாள்தோறும் விழுந்தெழுந்த இருவர் இரு கொடிகளின் கீழ் நின்றனர். ஆகவே இரசிகர்களின் வரைபடத்தில் ரொறன்ரோ என்பது ஒரு தலைநகர். எம்மவரில் பல்லாயிரவர் ஸ்காபரோவில் வாழ்வதால் எமக்கும் அது அவ்வாறானதே. ஒரே நகரத்துக்கு எத்தனை வகையான உறவினர்!

கடவுச்சீட்டுப் பிரச்சினை இவ்விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. இணையராக ஆடுவோருக்கு உலகப் போட்டிகளில் இருவரில் ஒருவர் அந்நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்கிலோ இருவரும் அந்நாட்டுப் பிரஜைகளாக இருக்க வேண்டும். இதனால் ஜப்பானில் பிறந்த யூக்கோ கவகுச்சி, ரஷ்யாவுக்காக ஆடும் பொருட்டுத் தம் பிரஜாவுரிமையைத் துறந்தார். இரட்டைப் பிரஜாவுரிமையை ஜப்பான் ஏற்பதில்லை. உக்ரைனில் பிறந்த அல்யோனா சவ்சென்கோவும் பிரான்சில் பிறந்த புறூனோ மசோவும் ஜேர்மானியராகி 2018இல் ஜேர்மனிக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தனர். கசகஸ்தானுக்கு 2014இல் வெண்கலம் பெற்றுக் கொடுத்த டெனிஸ் தென், ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்ட கொரியத் தளபதி ஒருவரின் வழித்தோன்றல். சோவியத் அரசு 1937இல் தூரகிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்திய கொரியச் சமூகத்திலிருந்து வந்தவர் அவர். கசகஸ்தானும் கொரியாவும் அவரைத் தம் பிள்ளையாகக் கருதின. 2018 ஜூலையில் அல்மாட்டி நகரில், காரின் கண்ணாடியைத் திருட முனைந்தோரால் குத்தப்பட்டு 25ஆவது வயதில் அவர் இறந்தபோது துக்கம் இரு நாடுகளிலும் அனுட்டிக்கப்பட்டது.

அபுதாபியின் ஸஹ்ரா லாரியை எமது முஸ்லிம் வாசகர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். ஹிஜாப் அணிந்து சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். 2012இல் இத்தாலியில் நடந்த போட்டியொன்றில் தலையங்கிக்காகவே அவரிடமிருந்து புள்ளி குறைக்கப்பட்டது. உடையிலிருந்து பிரிந்து விழக்கூடிய அலங்காரப் பொருளுக்குரிய விதியே அதற்கும் பொருத்தப்பட்டதாம். அவர் விட்டுவிடவில்லை, அதிகாரிகளிடம் வாதாடினார், பின்னர் அக்குறைப்பு இல்லாது போனது. பாலைவனத்தில் பிறந்த ஒரு பெண் பனிமேல் நிற்பதே வியப்பு என்று எழுதுவது எளிது. நாம் வியப்பது வேறொன்றை: விதிப்புத்தகத்தை எழுதியவர்கள் எந்த ஊர்ப் பெண்களை மனதில் வைத்து எழுதினார்கள் என்ற கேள்வியை, ஒரு புள்ளியை இழந்து அவர் எழுப்பினார் என்பதே அது.

ஊர் என்பது அன்பை மட்டும் வளர்ப்பதில்லை என்பதற்கு நடுவர் மேசையே சான்று. 2002இல் சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கில், ரஷ்ய இணையருக்கு ஆதரவாகப் புள்ளியிடும்படி தம்மை நெருக்கியதாக பிரெஞ்சு நடுவர் ஒருவர் கூறியதும் எழுந்த அவதூறு, கனடிய இணையருக்கு இரண்டாவது தங்கம் வழங்கப்படுவதில் முடிந்தது. அத்துடன் 6.0 முறையே கைவிடப்பட்டது. எந்த நடுவர் எத்தனை புள்ளி இட்டார் என்பதும் மறைக்கப்பட்டது. நோயைக் குணப்படுத்துவதற்குப் பதிலாகப் போர்வையால் மூடிய கதை இது. நடுவர்கள் தம் நாட்டவருக்குக் கூடுதலாகப் புள்ளியிடும் போக்கைப் பொருளியலாளர் எரிக் சிற்செவிற்ஸ் 2006இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டினார். 2014இல் சொச்சியில் கிம் யுனா ரஷ்ய வீராங்கனைக்கு அடுத்த இடத்தைப் பெற்றபோது, விசாரணை கோரும் மனுவில் பதினைந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். நடுவர் குழாத்தில் ரஷ்யச் சம்மேளனத்தின் உயர் பதவியாளர் ஒருவரின் மனைவியும் இருந்தமை அக்கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. கொரியாவின் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது. 2016இல்தான் நடுவர் பெயர்களை மறைக்கும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் இரசிகர்கள் புள்ளித்தாளை வாசிக்கும்போது முதலில் பார்ப்பது நடுவரின் நாட்டையே. எவ்விடம் என்ற வினா இங்கே அன்பாகக் கேட்கப்படுவதில்லை.

நேரத்திலும் ஓர் அரசியல் உண்டு. 2018இல் பியோங்சாங்கில் ஆண்கள் இறுதிச்சுற்று கொரிய நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கியது. வழமையாக இப்போட்டிகள் மாலையில் நடப்பவை. காலையில் வைத்ததன் காரணம், அப்போது நியூயோர்க்கில் முதல்நாள் இரவு 8 மணி என்பதே. அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 2014 முதல் 2020 வரையான நான்கு ஒலிம்பிக் விழாக்களின் ஒளிபரப்புரிமைக்கு 438 கோடி டொலர் கொடுத்திருந்தது. பணம் கொடுத்தவரின் மாலைப்பொழுதுக்காக, ஆடுபவர் விடியலில் எழுந்து உடம்பைச் சூடேற்ற வேண்டியதாயிற்று. அவ்வேளை கொழும்பில் காலை 6.30, நொட்டிங்காமில் நள்ளிரவு கடந்து ஒரு மணி. யார் எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே உலகக் கடிகாரம் வைக்கப்படுகிறது.

2022 மார்ச்சில் உக்ரைன் படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்ய, பெலாருஸ் வீரர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நிறுத்தப்பட்டனர். பின்னர் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு ஒருசிலர் மாத்திரம் கொடியின்றி அனுமதிக்கப்பட்டனர். அது நியாயமா என்பதில் இரசிகர்களிடையே பிளவு உண்டு. பல்லாண்டு ஒன்றாக அமர்ந்து பார்த்த கீவ் நகரத்தவரும் மொஸ்கோ நகரத்தவரும் பேச்சை நிறுத்திக்கொண்டால், அதனை வெறும் விளையாட்டுப் பகை என்று எவர் சொல்வார்?

2025 ஜனவரி 29ஆம் திகதி வொஷிங்டனில் பயணிகள் விமானமொன்றும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். அவர்களுள் 28 பேர் இவ்விளையாட்டைச் சேர்ந்தோர்: விச்சிற்றா நகரில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய சிறுவர், பெற்றோர், பயிற்றுநர். 1994இல் ரஷ்யாவுக்காக உலகச் சம்பியன்களான எவ்கேனியா சிஸ்கோவாவும் வாடிம் நவுமொவ்வும் அதில் இருந்தனர். அமெரிக்காவில் குடியேறி, பொஸ்டனில் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். 1961 பெப்ரவரியில் பிரசல்ஸ் அருகே விமானம் விழுந்து அமெரிக்க அணி முழுவதும் அழிந்தபோது, பிராக் நகரில் நடக்கவிருந்த உலகப் போட்டி கைவிடப்பட்டது. 2025 மார்ச்சிலோ உலகப் போட்டி பொஸ்டனிலேயே, துக்கத்தில் இருந்த அந்நகரிலேயே நடந்தது. போட்டிக்கு வந்த இரசிகர்களுக்கு அது இழவுவீட்டுக்கு வந்ததையும் ஒத்திருந்தது.

ஜப்பானின் கோபே நகரில் யுசுருஹா என்றொரு ஷிண்டோ ஆலயம் உண்டு. ஹன்யூவின் பெயரோடு ஒலியொத்திருப்பதால் இரசிகர்கள் அதனைத் தேடிச் செல்கின்றனர். 2011இல் அவரும் சென்று வணங்கினார். அங்கே சிறு மரப்பலகைகளில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுவர். சீனம், கொரியம், ஆங்கிலம், இத்தாலியம் எனப் பலமொழிகளில் அவை தொங்குகின்றன. எமது கோயில்களில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பர். ஜப்பானிய வழக்கிலோ கும்பிடுபவர் தம் பெயரோடு வசிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்; அப்போதுதான் வேண்டியவர் யாரென்று தெய்வத்துக்குத் தெரியுமாம். பிறநாட்டு இரசிகர்களும் அதனை அறிந்தே, முழங்காலோ கணுக்காலோ குணமாகட்டும் என்று எழுதிய பலகையின் கீழ், தத்தம் ஊரின் பெயரையும் எழுதிவிட்டுச் செல்கின்றனர்.